ஹலால் மட்டும் போதுமா? விலங்கு நலமும் மனித நலமும்

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தார். அதே உணவகத்தில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம், கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்துபோனார். 2023 ஜனவரியில் கோட்டயத்தில் அல்ஃபஹாம் கோழி சாப்பிட்ட செவிலியர் ஒருவர் பலியானார். ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். அதிகாரிகள் கடை கடையாகச் சோதனை நடத்துவார்கள். கிலோ கணக்கில் இறைச்சி கைப்பற்றப்பட்டு அழிக்கப்படும். சில கடைகளுக்குச் சீல் வைக்கப்படும். சில வாரங்களில் எல்லோரும் மறந்துவிடுவோம்.

இன்னொரு செய்தி. 2024 ஜூலையில் மலப்புரம் மாவட்டத்தில் 14 வயதுச் சிறுவன் நிபா வைரஸால் இறந்தான். இரண்டு மாதங்களுக்குள் அதே மாவட்டத்தில் 24 வயது இளைஞர் ஒருவரையும் அந்நோய் கொண்டுபோனது.

மூன்றாவது செய்தி, தெருநாய்கள். 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லி, அதன் சுற்றுவட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று அந்த உத்தரவு மாற்றப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றானது. வெறிநோய் கண்ட நாய்களுக்கும் ஆக்ரோஷமான நாய்களுக்கும் மட்டும் இதில் விலக்கு. நவம்பரில், பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றுமாறு மற்றோர் உத்தரவு வந்தது.

இம்மூன்றும் நாளிதழ்களில் தனித்தனிப் பக்கங்களில் வந்தன. மூன்று துறைகள் இவற்றைக் கையாண்டன. ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்றே. விலங்கின் நலமும், அது வாழும் சூழலின் தூய்மையும் கெடும்போது, அந்தக் கேடு நம் உடலுக்குள் வந்து சேர்கிறது. ஆடு, மாடு, கோழி வளர்ப்பிலும், இறைச்சி, தோல், உணவக வணிகத்திலும் பெருமளவில் ஈடுபட்டுள்ள நம் சமுதாயம் இதை மற்றவர்களைவிட ஆழமாகச் சிந்திக்க வேண்டியுள்ளது.

எண்கள் சொல்லும் உண்மை

மனிதரைத் தாக்கும் தொற்றுநோய்களில் ஏறத்தாழ 60 சதவீதம் விலங்குகளிடமிருந்து வந்தவை என்றும், புதிதாகத் தலைதூக்கும் நோய்களில் இது 75 சதவீதம் என்றும் உலக விலங்கு நல அமைப்பு கூறுகிறது. கெட்டுப்போன அல்லது கிருமி கலந்த உணவால் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் நோயுறுவதாகவும், 4,20,000 பேர் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் மதிப்பிட்டது. இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஒரு தட்டில் உண்ட குடும்பத்தில் பெரியவர்கள் வயிற்றுப்போக்கோடு தப்பிவிட, குழந்தை மட்டும் உயிரிழப்பது இதனால்தான். சின்ன உடல் நீரிழப்பைத் தாங்காது.

ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் விஷயத்தில் எண்களே நம்மைத் திகைக்க வைக்கின்றன. 2024-ஆம் ஆண்டில் நாட்டில் சுமார் 37 லட்சம் நாய்க்கடிகள் பதிவானதாகவும், ரேபிஸால் இறந்திருக்கக்கூடும் எனக் கருதப்படுவோர் 54 பேர் என்றும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினர் 15 மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று நடத்தி, 2025 தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடுகிறது. இரண்டுக்கும் இடையே நூறு மடங்கு வேறுபாடு! நோய் வந்தபின் மருத்துவத்தால் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, வீட்டிலேயே இறந்து, எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் அடக்கம் செய்யப்படுபவர்கள் பெரும்பாலும் ஏழைகள். எண்ணப்படாத மரணத்துக்கு நிதி ஒதுக்கீடும் இருப்பதில்லை.

கழுகு மறைந்தது, நாய் பெருகியது

விலங்கு நலம், மனித நலம், சுற்றுச்சூழல் மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரும் பாடம் இருக்கிறது.

1990-களில் மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் டைக்ளோஃபெனாக் எனும் மலிவான மருந்து பரவலாகக் கொடுக்கப்பட்டது. மாட்டுக்கு அதனால் கேடில்லை. ஆனால் அம்மருந்து உடலில் இருக்கும் நிலையில் இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. கோடிக்கணக்கில் இருந்த கழுகுகளில் 95 சதவீதத்துக்கும் மேல் சில ஆண்டுகளில் அழிந்தன. காரணம் கண்டறியப்பட்டு, 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்தத் தடை வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஒரு மாட்டின் சடலத்தைக் கழுகுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். கழுகு இல்லாத ஊர்களில் சடலங்கள் அழுகிக் கிடந்தன. அவற்றைத் தின்ன நாய்களும் எலிகளும் பெருகின. நீர்நிலைகளில் கிருமி கலந்தது. கழுகுகள் மறைந்ததால் 2000 முதல் 2005 வரையிலான ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருப்பர் என 2024-இல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

மாட்டுக்கு வலி நீங்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்து அது. அதைப் பரிந்துரைத்த கால்நடை மருத்துவருக்குக் கழுகைப் பற்றிய கவலை இல்லை. கழுகைக் கவனித்த வனத்துறைக்கு ரேபிஸ் பற்றிய கவலை இல்லை. ரேபிஸுக்கு ஊசி போட்ட மருத்துவருக்குக் கழுகு ஏன் மறைந்தது என்பது தெரியாது. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகவே செய்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து பேசவில்லை. விலை உயிர்களாகக் கொடுக்கப்பட்டது.

‘ஒரே நலம்’: ஏட்டில் இருப்பதும் ஊரில் இருப்பதும்

இந்தப் பாடத்தைத்தான் இன்று உலகம் ‘ஒன் ஹெல்த்’, அதாவது ‘ஒரே நலம்’ என்கிறது. உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண்மை அமைப்பு, உலக விலங்கு நல அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆகிய நான்கும் சேர்ந்து 2022-இல் இதற்கான கூட்டுச் செயல்திட்டத்தை வெளியிட்டன. 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று ஒப்பந்தமும் இந்த அணுகுமுறையை நாடுகளின் கடமையாகச் சேர்த்துள்ளது. நாக்பூரில் தேசிய ஒரே நல நிறுவனத்துக்கு 2022 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. நாயால் பரவும் ரேபிஸை 2030-க்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2021-இலேயே வெளியானது.

ஏட்டில் எல்லாம் இருக்கிறது. ஊரில் என்ன நிலை? ஒரு குழந்தையை நாய் கடித்தால் ஊசி போடுவது சுகாதாரத் துறை. அந்த நாய்க்குத் தடுப்பூசி போட வேண்டியது உள்ளாட்சியும் கால்நடைத் துறையும். நாய்கள் கூடும் குப்பை மேட்டை அகற்ற வேண்டியது உள்ளாட்சியின் துப்புரவுப் பிரிவு. அருகிலுள்ள கறிக்கடைக் கழிவைக் கண்காணிக்க வேண்டியது உணவுப் பாதுகாப்புத் துறை. ஒரு தெருவில் ஒரே மாதத்தில் பத்துப் பேர் கடிபட்டார்கள் என்ற தகவல் அரசு மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கும். அதைக் கண்டு மறுநாளே அந்தத் தெரு நாய்களுக்கு ஊசி போட ஆள் வருகிறார்களா? எத்தனை ஊர்களில் இது நடக்கிறது என்று நாம் கேட்க வேண்டும்.

ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் ரேபிஸின் சங்கிலி அறுந்துவிடும் என்பது நிறுவப்பட்ட உண்மை. மனிதருக்குப் போடும் ஊசிகளின் செலவோடு ஒப்பிட்டால் நாய்க்குப் போடும் ஊசியின் செலவு மிகக் குறைவு. இருந்தும் நம் விவாதம் ‘நாய்களைக் கொல்வதா, கொஞ்சுவதா’ என்பதிலேயே நிற்கிறது.

மார்க்கம் கற்றுத் தந்த ஒழுங்கு

நம் மக்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. தொற்று என்பதே இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே, பிறகெதற்கு இவ்வளவு அச்சம் என்கிறார்கள். அதே நபிமொழித் தொகுப்புகளில்தான், நோயுற்ற கால்நடைகளை உடையவர் அவற்றை ஆரோக்கியமான கால்நடைகளிடம் கொண்டுவரக் கூடாது என்ற கட்டளையும் இருக்கிறது. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்பவர் அதிலிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்ற வழிகாட்டலும் இருக்கிறது. அறியாமைக் கால அரபுகள், நோய் இறைநாட்டமின்றித் தானாகவே பரவும் என்று நம்பினர். மறுக்கப்பட்டது அந்த நம்பிக்கையே என்றும், காரண காரியங்களைப் பேணுவது மறுக்கப்படவில்லை என்றும் மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர்.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளைநோய் பரவிய செய்தி எட்டியது. அவர்கள் முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் குறைஷிப் பெரியவர்களையும் அழைத்து ஆலோசித்து, திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவிதியிலிருந்து தப்பி ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்த உமர் (ரலி), ஒட்டகம் மேய்ப்பவரை உதாரணம் காட்டினார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை செழித்தும் மறுகரை வறண்டும் இருந்தால், எந்தக் கரையில் மேய்த்தாலும் அது இறைவிதியே, ஆனாலும் அறிவுள்ளவர் செழித்த கரையையே தேர்ந்தெடுப்பார் என்பது அதன் பொருள். ஆட்சியாளர், ஆலோசனை, கால்நடை, நோய் எல்லாம் ஒரே உரையாடலில் வந்துவிடுகின்றன.

பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆன் நமக்கு உணர்த்துகிறது. உண்பதற்கு ஹலாலானதை மட்டும் அது கேட்கவில்லை, தய்யிபாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தய்யிப் என்றால் தூய்மையானது, நல்லது. அசுத்தத்தைத் தின்று வளர்ந்த பிராணியை ‘ஜல்லாலா’ என்று தனி வகையாகப் பிரித்து, அதைச் சில நாட்கள் கட்டிவைத்துத் தூய தீனி கொடுத்த பிறகே உண்ண வேண்டும் என்று ஃபிக்ஹ் நூல்கள் பேசுகின்றன. தண்ணீர்ப் பாத்திரங்களை இரவில் மூடிவைக்கவும், தூங்கி எழுந்தால் கையைக் கழுவிய பின்பே பாத்திரத்தில் இடவும் நமக்குக் கற்றுத் தரப்பட்டுள்ளது. சந்தையையும் கறிக்கடையையும் சமையற்கூடத்தையும் கண்காணிக்க ‘முஹ்தஸிப்’ என்ற அதிகாரியை முஸ்லிம் ஆட்சிகள் நியமித்திருந்தன.

அப்படியிருக்க, இன்று நம் கடை வாசலில் ‘ஹலால்’ என்ற பலகையை மாட்டிவிட்டு, உள்ளே சுத்தத்தைக் கைவிட்டால், நாம் பாதி மார்க்கத்தையே பின்பற்றுகிறோம்.

குர்பானி: ஆட்டிலிருந்து தொடங்கும் பொறுப்பு

ஹஜ் பெருநாளின் முந்தைய வாரங்களில் பல மாவட்டங்களின், சில வேளை பிற மாநிலங்களின் ஆடுகள் ஒரே சந்தையில் கூடுகின்றன. அங்கிருந்து நம் வீட்டு வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் வந்து, குழந்தைகளோடு சில நாட்கள் வாழ்கின்றன. ஆட்டின் உடலில் ஒட்டியிருக்கும் உண்ணிகள் சில நாடுகளில் கிரிமியன் காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலைப் பரப்புகின்றன. ஈராக்கிலும் பாகிஸ்தானிலும் பெருநாள் காலத்தில் இதற்கென எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. இந்தியாவில் 2011-இல் குஜராத்தில் முதன்முதலாக இந்நோய் உறுதியானபோது, நோயாளியோடு, அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரும் செவிலியரும் உயிரிழந்தனர். தமிழகத்தில் இது பரவிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உண்ணியை வெறும் கையால் நசுக்காதிருப்பதும், அறுப்பவர் கையுறை அணிவதும் நமக்கும் பொருந்தும்.

காய்ச்சல் கண்ட ஆடு, கழிச்சல் உள்ள ஆடு, நிற்க முடியாத ஆடு ஆகியவற்றை வாங்கக் கூடாது. வெளிப்படையாக நோயுற்ற பிராணி குர்பானிக்குச் செல்லாது என்பது நம் மார்க்கச் சட்டம். சட்டப்படி அறுவைக்கூடத்தில் கால்நடை மருத்துவர் செய்யும் முன்சோதனையின் நோக்கமும் இதுவே. திடீரென இறந்து மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் கசிந்த ஆட்டையோ மாட்டையோ அறுக்கவும் கூடாது, தோலுரிக்கவும் கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அதன் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நாம் அசட்டையாக இருப்பது கழிவு விஷயத்தில்தான். அறுத்த பின் குடல், நுரையீரல், கட்டி உள்ள ஈரல் ஆகியவற்றைத் தெருவோரம் வீசினால் நாய்கள் தின்கின்றன. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளாக இருக்கும் ஒருவகை நாடாப்புழு, அவற்றைத் தின்ற நாயின் குடலில் வளர்ந்து முட்டையிடுகிறது. முட்டைகள் நாயின் மலத்தோடு மண்ணிலும் புல்லிலும் கீரையிலும் சேர்கின்றன. புல் வழியாக மீண்டும் ஆட்டுக்கும், கழுவாத கை, கீரை வழியாக மனிதனுக்கும் வருகின்றன. மனிதனின் ஈரலிலோ நுரையீரலிலோ பல ஆண்டுகள் சத்தமின்றி வளரும் கட்டி, கடைசியில் அறுவை சிகிச்சை மேசைக்குக் கொண்டுபோகிறது. ஒரு துண்டு ஈரலை நாய்க்கு வீசுவதில் இத்தனை தூரம் இருக்கிறது.

அதே கழிவுதான் நாய்க் கூட்டத்தை நம் தெருவில் நிலைநிறுத்துகிறது. கூட்டமாகத் திரியும் நாய்கள் அதிகாலைத் தொழுகைக்குச் செல்லும் முதியவரையும், மதரஸாவுக்கு நடந்துபோகும் பிள்ளையையும் துரத்துகின்றன. கல்லெறிவதால் தீர்வு வராது. தாகித்த நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவருக்கு இறைமன்னிப்பு கிடைத்ததாக நமக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. நாய்க்குத் தீனியாகும் கழிவை நிறுத்துவதும், அதற்குத் தடுப்பூசி போடச் செய்வதுமே நம் கடமை.

ஷவர்மாவும் பிரியாணியும்: கிருமி எங்கே நுழைகிறது?

ஷவர்மாவில் பிழை அந்த உணவின் பெயரிலோ அது வந்த நாட்டிலோ இல்லை. சுழலும் கம்பியில் வெளிப்புறம் மட்டும் வெந்து, உள்ளே அரைவேக்காடாக இருக்கும் இறைச்சியை அவசரத்தில் சீவிக் கொடுப்பதில் இருக்கிறது. இரவு மிச்சமானதை மறுநாள் மீண்டும் கம்பியில் ஏற்றுவதில் இருக்கிறது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸை மணிக்கணக்கில் வெளியே வைப்பதில் இருக்கிறது. பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் 2023-இலும், தெலங்கானா 2024-இலும், தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்கும் தடை செய்தன. காரணம் சால்மோனெல்லா எனும் கிருமி.

பிரியாணியிலும் கவனம் தேவை. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வலீமா விருந்தில் காலை தம் போட்ட தேக்சாவிலிருந்து மாலை வரை பரிமாறுவதும், மிச்சத்தைக் கவரில் கட்டி இரவு ஏழைகளுக்குக் கொடுப்பதும் நம் ஊர்களில் வழக்கம். கொடுக்கும் எண்ணம் உயர்ந்தது. ஆனால் நாம் உண்ணத் தயங்கும் உணவை ஏழைக்குக் கொடுப்பது தர்மமாகாது. விருந்து முடிந்த உடனேயே கொடுத்துவிட வேண்டும்.

விதி எளிது. உணவு 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இருக்கும்போதுதான் கிருமி பெருகுகிறது. சூடானது ஆவி பறக்கட்டும், குளிர்ந்தது குளிர்பெட்டியில் இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். பச்சைக் கறி வெட்டிய கத்தியாலும் பலகையாலும் வெங்காயமோ வெள்ளரியோ நறுக்க வேண்டாம். கோழிக் கறியைக் குழாய்க்கு அடியில் பிடித்து வேகமாகக் கழுவும்போது கிருமி தொட்டி முழுதும் தெறிக்கிறது என்பதையும் வீட்டில் சொல்லிக்கொடுப்போம்.

கோழிப் பண்ணைகளில் நோய் வருமுன்னரே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் இன்னோர் ஆபத்து. மருந்துக்கு மசியாத கிருமிகள் அங்கே உருவாகி நம்மிடம் வருகின்றன. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த 2019 ஜூலையில் இந்தியா தடை விதித்தது. தடை பண்ணை வரை எட்டுகிறதா என்பதைக் கண்காணிக்க வேண்டும்.

வளைகுடாவும் ஹஜ் பயணமும்

நம் குடும்பங்களில் பாதிப்பேருக்கு வளைகுடாவோடு தொடர்பு இருக்கிறது. 2012-இல் சவூதி அரேபியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட மெர்ஸ் வைரஸ் ஒட்டகங்களிடமிருந்து வருவது. இதுவரை சுமார் 2,600 பேருக்கு உறுதியாகி, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் இறந்துள்ளனர். 2015-இல் வளைகுடாப் பயணம் முடித்து தென்கொரியா திரும்பிய ஒரே ஒருவரிடமிருந்து தொடங்கி 186 பேருக்குத் தொற்றி, 38 பேர் இறந்தனர். பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே அது பரவியது.

ஆகவே ஹஜ், உம்ரா செல்வோர் ஒட்டகப் பண்ணைகளுக்குச் சென்று படமெடுப்பதையும், காய்ச்சாத ஒட்டகப் பால் அருந்துவதையும் தவிர்க்க வேண்டும். காய்ச்சாத பாலால் புருசெல்லோசிஸ் எனும், மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும் காய்ச்சலும் உண்டாகும். திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் எங்கே சென்று வந்தோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பழியும் பொறுப்பும்

நோயையும் நம்மையும் சேர்த்துப் பேசினாலே நம் மக்களுக்கு ஒரு தயக்கம் வருகிறது. அது நியாயமானது. 2020-இல் கொரோனா பரவலுக்குத் தப்லீக் ஜமாஅத்தினர் மீது பழி சுமத்தப்பட்டதையும், வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டதாக மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அதே ஆண்டு ஆகஸ்டில் கூறி வழக்குகளை ரத்து செய்ததையும் நாம் மறக்கவில்லை. ஷவர்மா மரணங்களின்போதும் ‘அரபு உணவு’ என்று மதத்தை இழுத்தவர்கள் உண்டு. நோய்க்கு மதம் பூசுவோருக்கு நோயை ஒழிப்பதில் அக்கறை இல்லை.

ஆனால் அந்தக் காயத்தைக் காட்டி, உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் ஒவ்வொரு சோதனையையும் சமுதாயத்தின் மீதான தாக்குதலாகப் பார்ப்பது நமக்கே கேடு. அந்தக் கடைகளில் உண்பவர்களில் பெரும்பகுதி நம் பிள்ளைகள். அங்கே புகைக்கும் சூட்டுக்கும் இடையில் வேலை செய்பவர்களும் நம் இளைஞர்கள்.

அரசின் குறையையும் சொல்லியாக வேண்டும். 2001-ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகள், கால்நடை மருத்துவர் சான்றளிக்காமல் எந்தப் பிராணியையும் அறுக்கக் கூடாது என்கின்றன. ஒரு மருத்துவர் மணிக்கு 12 பிராணிகளுக்கு மேல், நாளொன்றுக்கு 96-க்கு மேல் சோதிக்கக் கூடாது என்றும் வரையறுக்கின்றன. விதி சிறந்த விதி. ஆனால் முறையான ஆட்டுத்தொட்டியும் மருத்துவரும் தண்ணீரும் கழிவு வசதியும் இல்லாத ஊரில் கறிக்கடைக்காரர் என்ன செய்வார்? கட்டித் தர வேண்டிய வசதியைக் கட்டித் தராமல், கடைக்காரருக்கு அபராதம் மட்டும் விதிப்பது நீதியாகாது.

செய்ய வேண்டியவை

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒவ்வொரு நகராட்சியிலும் பேரூராட்சியிலும் மருத்துவரோடு கூடிய அறுவைக்கூடம். மாவட்டந்தோறும் சுகாதாரம், கால்நடை, உணவுப் பாதுகாப்பு, வனம், உள்ளாட்சித் துறைகள் மாதமொரு முறை கூடித் தகவல் பரிமாறும் குழு. தெருவாரியாக நாய்த் தடுப்பூசிக் கணக்கைப் பொதுவில் வெளியிடுதல். பெருநாள் சந்தைகளில் கால்நடை மருத்துவ முகாம்.

ஜமாஅத் நிர்வாகங்கள் செய்யக்கூடியவை நிறைய. குர்பானிக் கழிவுக்கு முன்கூட்டியே ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பிட்டு மூடும் ஏற்பாடு அல்லது உள்ளாட்சி வாகன ஏற்பாடு. பெருநாளுக்கு முந்தைய ஜும்ஆ பயானில் இதற்கென ஐந்து நிமிடம். மஹல்லாவின் உணவகம், கறிக்கடை நடத்துவோரை அழைத்து உரிமம் பெறவும் பயிற்சி பெறவும் வழிகாட்டல். கேட்டரிங் சமையல்காரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. இவற்றுக்குப் பெரும் செலவில்லை.

குடும்பங்கள் மனதில் இருத்த வேண்டியது ஒன்று. நாயோ பூனையோ கடித்தாலும் பிராண்டினாலும் உடனே குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசியைத் தொடங்குங்கள். எல்லாத் தவணையையும் முடியுங்கள். ஆழமான காயத்துக்கு ஊசியோடு எதிர்ப்புப் புரத மருந்தும் வேண்டும் என்பதைக் கேட்டுப் பெறுங்கள். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் ஊசிக்குப் பின் தொடரட்டும். நோய் வெளிப்பட்ட பிறகு ஏறத்தாழ எவரையும் காப்பாற்ற முடிவதில்லை. அணில், வௌவால் கடித்த பழங்களைப் பிள்ளைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வௌவால்களை விரட்டுவதும், அவை தங்கும் மரத்தை வெட்டுவதும் வேண்டாம். கலைந்து மிரளும் வௌவாலே அதிகமாக வைரஸை வெளியேற்றும்.

இன்னொன்று, பிள்ளைகளின் படிப்பு. பிளஸ் டூ முடித்தால் மருத்துவம், பொறியியல் என்றே ஓடுகிறோம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் மாநில இடங்களுக்கு நீட் தேர்வு தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. தலைமுறை தலைமுறையாகக் கால்நடையோடும் இறைச்சியோடும் வாழும் சமுதாயத்திலிருந்து எத்தனை கால்நடை மருத்துவர்கள் வந்திருக்கிறார்கள்? எத்தனை உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள்? நம் தொழிலை நம் பிள்ளைகளே அறிவியலோடு காக்க வேண்டும்.

அறுக்கும்போது கத்தியைத் தீட்டி வைத்து, பிராணிக்கு இதமளிக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்த இதம் அது வளரும் கொட்டகையில் தொடங்கி, கழிவு புதைக்கப்படும் குழி வரை நீள வேண்டும். அடுத்த பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இவ்வாரமே நம் பள்ளிவாசலில் இதைப் பேசத் தொடங்குவோம். ஹலாலோடு தய்யிபையும் நம் சந்தையின் அடையாளமாக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.